மூன்றாம் நாள் பால்

1

எங்கள் பண்ணையில் கன்று போட்ட பசு மறுநாள் விழுந்து கிடந்தால் நான் ஓடிப் போவதில்லை. நடந்துதான் போவேன். ஓடுகிறவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். கால்சியம் போத்தலை வெந்நீர் வாளியில் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு போவேன். தோள்பட்டைக்குப் பின்னால் நாலு இடத்தில் மாறி மாறித் தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியைச் செருகி, போத்தலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி நிற்பேன். காலியானதும் அந்த இடங்களைக் கையால் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தள்ளிப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பேன். முதலில் பசுவின் தோல் நடுங்கும். பிறகு ஏப்பம் விடும். பிறகு சாணம் போடும். சாணம் விழுந்த சத்தம் கேட்டால் மாடு பிழைத்தது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வியாதிக்கு இங்கே பால் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சலே கிடையாது, காதைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்கும். பெயர் வைத்தவன் மாட்டைத் தொட்டுப் பார்க்காதவன்.

நியூசிலாந்தின் தென்கோடியில், மழையும் காற்றும் புல்லும் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில், நான் இந்த வேலைக்கு வந்து இந்த ஆகஸ்ட்டோடு இருபது வருடம். ஆகஸ்ட் இங்கே கன்று போடும் காலம். எங்கள் முதலாளி கிரெக் பரம்பரையாக மாடு வளர்த்த வெள்ளைக்காரன். அவனே விழுந்த மாட்டைக் கண்டால் டாக்டருக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் உண்மை உண்மைதான்.

அப்படிப்பட்ட நான், இந்த ஆகஸ்ட்டில் ஒரு மத்தியானம், இலங்கையில் கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் என் தங்கையின் மாட்டுப்பட்டியில் விழுந்து கிடந்த ஒரே ஒரு பசுவைப் போனில் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், கறவைக் கொட்டகை அலமாரியில், கால்சியம் போத்தல்கள் கடையில் சோடா அடுக்கியது மாதிரி அடுக்கிக் கிடந்தன. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வெளிநாடு போனவர்கள் எல்லாரும் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். இதில் சாணமும் மடியும்தான் வரும். அருவருப்புப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மலையில் பால் வெட்டினவர்கள். நானும் கொஞ்ச காலம் வெட்டினேன். பிறகு வளைகுடாவுக்குப் போனேன். பாலைவனத்தில் மாட்டுப் பண்ணை. மாட்டுக்கு மின்விசிறி உண்டு, மனிதனுக்குக் கிடையாது. அங்கே மாடு கற்றுக்கொண்டேன். அந்த வேலையைப் பார்த்துத்தான் இங்கே கூப்பிட்டார்கள். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் முதல் குளிரிலேயே ஓடிப்போனார்கள். நான் நின்றேன். இன்றைக்கு இந்தப் பண்ணையில் என் வார்த்தையை மீறி ஒரு மாடு கூடத் திரும்பாது.

பிள்ளைகள்தான் திரும்ப மாட்டேன் என்கிறார்கள். மகன் வடக்கே எங்கேயோ கப்பல்துறையில் வேலை செய்கிறான். பிறந்த நாளுக்குப் போன் எடுப்பான், என் பிறந்த நாளுக்கு அல்ல, அவன் பிறந்த நாளுக்கு, நாங்கள் மறந்துவிட்டோமா என்று பார்க்க. மகள் நிரோஷா ஐந்து வயதில் இங்கே வந்தவள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று ஊரில் இருந்து கேட்பவர்களுக்குச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும். மாட்டு மடி.

“மடியில பால் வருதுன்னு எனக்குத் தெரியும். இதுக்கு எதுக்கு இத்தன வருசம் படிப்பு?” என்று கேட்டேன்.

“எப்படி வருதுன்னு தெரியுமா, அப்பா?”

“கறந்தா வரும்.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு லீட்டர் பால் உண்டாக, மடிக்குள்ளே நானூறு ஐந்நூறு லீட்டர் ரத்தம் ஓட வேண்டும் என்றாள். யார் வாளி வைத்துப் பிடித்து அளந்தது என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. பேப்பரில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். பார்த்ததும் சொன்னேன்: “இது லயம். நடுவுல முத்தம், சுத்தி வரக் காம்பரா.”

“ஆமா, அப்பா, லயம்!” என்றாள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுதான் லயம், அதில் ஓர் அறைக்குக் காம்பரா என்று பெயர். லயத்தில் ஒரு ராத்திரியும் தூங்கிய ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனால் படம் அப்படியேதான் இருந்தது. அந்தக் கட்டங்கள்தான் பால் செய்கிற உயிரணுக்களாம். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு வாசல் ரத்தப் பக்கம், ஒரு வாசல் முற்றத்துப் பக்கம். ரத்தத்தில் வருகிற சீனி, புரதத் துண்டுகள், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஏதோ ஒன்று உண்டு என்று சொல்ல வந்து, தமிழ் வராமல் திணறினாள்.

“அது... உள்ள விடுறது... டோர்.”

“கதவுன்னு சொல்லு.”

“கதவு. அந்தக் கதவு மத்த இடத்துக் கதவு மாதிரி இல்ல. உடம்பு முழுக்கப் பசியா இருந்தாலும் இது மூடாது. சதைக்குப் போற சீனிய உடம்பு நிறுத்தி வைக்கும். மடிக்குப் போறத நிறுத்தாது.”

கன்று போட்ட மாட்டுக்கு விலா எலும்பு தெரிவதை இருபது வருடமாகப் பார்க்கிறவன் நான். இதைச் சொல்ல ஒரு பல்கலைக்கழகமா என்றுதான் தோன்றியது. அதை விட எரிச்சல், இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணிக்குள் ஊற்றியது ஓட்ஸ் பால். மாட்டுப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பால் எப்படி வருகிறது என்று படிக்கிறவள் பால் குடிக்கமாட்டாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

3

தங்கை பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவள் ஒருத்திதான். அப்பா அம்மாவுக்குப் பிறகு அதே ரப்பர் மலையில் பால் வெட்டினாள். இடுப்பு போய்விட்டது. சரிவில் வாளியோடு ஏற முடியவில்லை என்றதும் செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் ராசையா மச்சான் குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழிகளுக்குக் கூலிக்குப் போகிறவர். கல் கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் சேறு. பெரும்பாலும் சேறு.

அதனால் நான்தான் ஒரு பசு பார்த்து வாங்க ஏற்பாடு செய்தேன். நாட்டு மாடு வேண்டாம், பெரிய மடி வேண்டும் என்று போனிலேயே பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து, நடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலப்பினம். கறுப்பும் வெள்ளையும். லயத்தில் அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்த நடைக்கு வேறு பெயர் பொருந்தாது. காலையில் பாலைச் சந்திக்குக் கொண்டுபோனால் பால் வண்டி எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பாலில்தான் அந்த வீட்டு அரிசி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பாக்கியத்தின் மருந்து எல்லாம். சீமாட்டி போனால் அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

போன வருடம் பாக்கியத்தை இங்கே ஒரு தடவை கூட்டிவந்து காட்டலாம் என்று விசா போட்டோம். ஊருக்குத் திரும்பிப் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று ஒரு கேள்வி. வேலை இருக்கிறதா, காணி இருக்கிறதா, வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிறதா? லயத்துக் காம்பராவுக்கு உறுதி எங்கே இருந்து வரும்? நிரோஷா என்ன எழுதட்டும் என்று கேட்டாள். உண்மையை எழுது என்றேன். “பசு” என்று எழுதினோம். கறக்க ஆள் இல்லாவிட்டால் பசு நிற்காது, அதனால் கட்டாயம் திரும்பிப் போவாள் என்று விளக்கமும் எழுதினோம். மறுத்துவிட்டார்கள். மாடு வைத்திருக்கிற நாடு இது. பசு ஒரு மனுசியைக் கட்டி வைக்கும் என்று இந்த நாட்டு அதிகாரிக்குத் தெரியாதா? தெரியும். பசுவின் சொந்தக்காரியைத்தான் தெரியவில்லை.

4

சீமாட்டிக்கு இது மூன்றாவது ஈற்று. பெரிய மடிக்காரிகளுக்கு மூன்றாவது ஈற்றில் இருந்துதான் இந்தக் கண்டம். அதனால் மாதக் கணக்காகச் சொல்லி வைத்திருந்தேன்.

“பாக்கியம், கன்னு போட்டதும் முழுசாக் கறந்துறாத. கன்னுக்குக் காணுற அளவு மட்டும். ரெண்டு நாளைக்கு மடியில பால் நிக்கட்டும். வெளங்குதா?”

“வெளங்குதுங்க அண்ணே.”

விளங்கியதாகச் சொல்வதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை.

நம் தோட்டங்களில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பசு கன்று போட்டால் சீம்பால் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. முதல் செம்பு மாரியம்மன் கோயிலுக்கு. பிறகு லயம் முழுக்க, மேல் லயம் கீழ் லயம் எல்லாம், வீட்டுக்கு ஒரு கிளாஸ். ஒரு வீடு விட்டுப்போனால் அது பால் விட்டுப்போனது அல்ல, பகை. “எங்க வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரியலையோ” என்று அடுத்த ஈற்று வரை கேட்பார்கள். நாட்டு மாடு இருந்த காலத்தில் தண்ணீர் கலக்காமல் அத்தனை வீட்டுக்கும் காணாது. பாதி வீட்டுக்கு ஒரு கரண்டிதான் போகும், யாருக்கும் குறையில்லை. சீமாட்டியின் மடியைப் பார்த்த பிறகு யார் கரண்டியை ஒத்துக்கொள்வார்கள்?

அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. அங்கே காலை, இங்கே மத்தியானம். இரண்டாவது கறவைக்கு மாடுகளை ஓட்டிவரப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கன்று போடும் பருவத்தில் படிப்புக்காகப் பால் மாதிரிகள் எடுக்க நிரோஷாவும் வந்து, கொட்டகை மூலையில் குட்டிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பாக்கியம் அழுதுகொண்டு படத்தைக் காட்டினாள். முந்தின நாள் கன்று போட்ட சீமாட்டி படுத்திருந்தது. கழுத்து வளைந்து, தலை விலாப் பக்கம் திரும்பி, பார்வை எங்கேயோ.

“ராத்திரி நல்லாத்தான் நின்னுச்சிங்க அண்ணே. விடிய வந்து பாத்தா இப்படிக் கெடக்கு. கண்ணு பட்டிருச்சி. கீழ் லயத்து ஆளுங்க வந்து மடியப் பாத்துட்டு வாயத் தொறந்து நின்னாங்க.”

“காதத் தொட்டுப் பாரு.”

“ஜில்லுன்னு இருக்கு.”

“நேத்து எவ்வளவு கறந்த?”

பாக்கியம் போனைக் கன்றின் பக்கம் திருப்பினாள்.

“பாக்கியம், ஒன்னத்தான் கேக்குறேன்.”

“கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்துட்டா,” என்று பின்னால் இருந்து ராசையா மச்சானின் குரல் வந்தது. “நான் சொன்னேன், ஒங்க அண்ணன் ஏசுவாருன்னு.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் பாக்கியம்.

படத்துக்குள் மச்சான் வந்தார். ஒரு கையில் சட்டி, அடுத்த கையில் மூங்கில் குழாய். இஞ்சி, மிளகு, வெள்ளைப்பூடு எல்லாம் இடித்துப் போட்ட கசாயம். மாட்டுக்கு எது வந்தாலும் நம் ஆட்களுக்கு அந்த மூங்கில் குழாய்தான். நான் கத்தினேன்.

“மச்சான்! ஊத்தாதீங்க! தொண்ட வேல செய்யாது. முழுங்காது. எல்லாம் நெஞ்சுக்குள்ள போகும். மூச்சு அடச்சே செத்துரும்!”

“காரம் ஏறினா எந்திரிச்சிரும், மச்சான். என் அப்பா காலத்துல இருந்து...”

“ஒங்க அப்பா காலத்துல சீமாட்டி இருந்துச்சா? சட்டியக் கீழ வைங்க!”

குழாயின் நுனி சீமாட்டியின் வாயோரம் வரைக்கும் போய்விட்டது. எட்டிப் பிடுங்கியிருப்பேன். போனுக்குள் எப்படிக் கையை விடுவது? நிரோஷா குழாயைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கிரெக்கின் நாய் கூட எழுந்து நின்றது. என்ன தோன்றியதோ, மச்சான் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“பக்கவாட்டுல சாய விடாதீங்க. நெஞ்சு மேல உக்கார வைங்க. ரெண்டு பக்கமும் சாக்குல மண்ணு நெரப்பி முட்டுக் குடுங்க. மேல சாக்கு போத்தி விடுங்க.”

அதைச் செய்தார்கள். அது வரைக்கும்தான் என் வாய் செய்யக்கூடிய வேலை. மிச்சத்துக்குப் போத்தல் வேண்டும்.

5

மிருக வைத்திய அலுவலகத்துக்கு நானே எடுத்தேன். கஹவத்தை டவுன் பக்கம் வளர்ந்தவன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். வாயைத் திறந்தால் பாதி அரபி வருகிறது, பாதி இங்கிலீஷ் வருகிறது. “அபே எளதென வெட்டிலா,” எங்கள் பசு விழுந்துவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு காவல்காரர்.

“அத போயனே, மாத்தயா. ஹெட்ட என்ன.”

இன்றைக்குப் போயாவாம், நாளைக்கு வரச் சொல்கிறார். மாட்டை நாளை வரை சாகாமல் இருக்கச் சொல்ல என்னால் முடியாது என்று சொல்ல நினைத்தேன். அந்த அளவுக்குச் சிங்களம் வரவில்லை.

பிறகு ஒரு பொது எண் கிடைத்தது. தமிழுக்கு ஓர் இலக்கத்தை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டுத்தான். அது முடிந்து திரும்ப அதே பாட்டு. சிங்களத்துக்கு அழுத்தினேன். பசுவின் காதில் இருக்கிற பதிவு இலக்கம் என்ன என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். சீமாட்டியின் காதில் இலக்கம் இல்லை. போன தடவை பதிவுக்கு வந்தவர்கள் தோட்டத்து மாடுகளுக்குத் தோட்டத்து அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள், தோட்டத்து அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இங்கே என் பொறுப்பில் இருக்கிற அத்தனை மாட்டின் காதிலும் இலக்கம் இருக்கிறது, பெயர்தான் இல்லை. அங்கே பெயர் இருக்கிறது, இலக்கம் இல்லை.

மச்சானை ஓட்டோ பிடித்து டவுன் பார்மசிக்கு அனுப்பினேன். கால்சியம் இருக்கிறதாம். டாக்டர் துண்டு இல்லாமல் கொடுக்க முடியாதாம். மச்சான் அங்கே நின்று போனைக் கடைக்காரரிடம் கொடுத்தார். இருபது வருட அனுபவம் என்று சொன்னேன். “அனுபவத்துக்குச் சீல் இருக்கா?” என்று அந்த மனிதர் நல்ல தமிழில் கேட்டார்.

கிரெக் வாசலில் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினான். இருபது வருடத்தில் மாடுகளை நான் காக்க வைத்தது அன்றைக்குத்தான். என் முகத்தைப் பார்த்தவன் தானே அவற்றை ஓட்டிவரப் போனான்.

அதற்குள் பாக்கியம் திரும்ப எடுத்தாள். மடி இறுகிக் கல் மாதிரி ஆகிவிட்டதாம். கறக்கப் போகிறாளாம்.

“தொடாத!” என்றேன்.

“கறக்காம விட்டா மடி வெந்துபோகுமுங்க. வாயில்லா சீவன் வலியில கெடக்கு.”

“தொடாதன்னா தொடாத. இன்னும் ஒரு செம்பு கறந்தா மாடு ஒனக்கு இல்ல.”

“நீங்க மெஷின்ல கறக்கிறவரு. கையால கறக்கிறவளுக்குத்தான் மடி தெரியும்.”

என்னை, என் தங்கை, இப்படிச் சொன்னாள். நான் திரும்பச் சொன்னதை இங்கே எழுத முடியாது. நிரோஷா வந்து என் கையில் இருந்து போனைப் பிடுங்கினாள்.

“அப்பா, கத்தாதீங்க. அத்தை, நான் நிரோஷா. நல்லா இருக்கீங்களா?”

“மாடு சாகக் கெடக்கு. நல்லா இருக்கியான்னு கேக்குறியே, புள்ள.”

“சரி, அத்தை. சொல்றத மட்டும் கேளுங்க. மடி கேக்காது. ரத்தத்துல சுண்ணாம்பு இருக்கா, இல்லையான்னு பாக்காது. எடுத்துக்கிட்டே இருக்கும். நீங்க கறந்தா, மடி திரும்பப் பால் செய்யும். திரும்ப ரத்தத்துல இருந்து எடுக்கும். ரத்தத்துல இல்லாமப் போனா கால் நிக்காது. தொண்டை முழுங்காது. கடைசியா நெஞ்சு நிக்கும்.”

தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஆனால் ஒரு சொல் கூட இங்கிலீஷ் இல்லை. எங்கே இருந்து பொறுக்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

“சுண்ணாம்புன்னா? வெத்தலைக்குப் போடுறதா?”

“கிட்டத்தட்ட அதுதான். எலும்புல இருக்கிறது. பல்லுல இருக்கிறது.”

பாக்கியம் தாடையைத் தடவிக்கொண்டாள்.

“கடைசிப் பயலுக்குப் பால் குடுத்தப்ப எனக்குப் பல்லு ஆடுச்சி. அந்த மாதிரியா?”

“அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. மடி நெறைஞ்சு இருந்தா, உள்ள எடம் இல்ல. பால் செய்றது மெதுவாகும். எடுக்கிறதும் கொறையும். அதுக்குத்தான் அப்பா தொட வேணாம்னு சொல்றாங்க.”

பாக்கியம் அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது கேட்டது. “பால் வெட்டு மரத்த நாள் விட்டு நாள் ஆறப் போடுறோம்ல, அந்த மாதிரி. தெனம் வெட்டுனா பட்டை செத்துப்போகும்ல. அதத்தான் இவ மாட்டுக்குச் சொல்றா.” பிறகு என்னிடம், “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அண்ணே. ஒங்களுக்கு அதட்ட மட்டுந்தான் தெரியுது.”

நானும் ரப்பர் மரம் வெட்டினவன்தான். எனக்கு அது தோன்றவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

6

போத்தல் கடைசியில் வந்தது. பால் வண்டிக்காரன் சந்தியில் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசி மாத்தயாவுக்குப் போன் எடுத்திருக்கிறான். பசுவுக்குச் சினை ஊசி போட வருகிறவருக்குத் தோட்டங்களில் அதுதான் பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சீமாட்டியின் மூன்று கன்றுக்கும் அவர்தான் ஊசி போட்டவர். அன்றைக்குப் போயா, பன்சலையில், புத்த கோயிலில், சில் என்கிற விரதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு பையில் கால்சியம்.

“சில் எடுத்த நாளுல...” என்று பாக்கியம் தயங்கினாள்.

“உசிர் போற வேலைதானே, அக்கே. சில் கெடாது,” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

போனை மச்சான் பிடித்துக்கொண்டார். நான் இங்கிருந்து சொன்னேன்: போத்தலைச் சூடாக்குங்க, தோளுக்குப் பின்னாடி, ஒரே எடத்துல முழுசா விடாதீங்க, நாலு எடமாப் பிரிச்சு விடுங்க. அவர் போன் பக்கம் பார்க்கவே இல்லை. நான் சொல்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார். யாரோ ஒரு சொந்தக்காரன் வெளிநாட்டில் இருந்து கத்துகிறான், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் இருப்பான் என்கிற முகம். எனக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடவில்லை.

பிறகு காத்திருந்தோம். இங்கே என் கொட்டகையில் கிரெக் மெஷினைப் போட்டுவிட்டான், அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிரோஷா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீமாட்டியின் தோள் முதலில் நடுங்கியது. பிறகு தொடை. பிறகு ஒரு பெரிய ஏப்பம். மச்சான் போனை முகத்துக்கு முன்னால் இழுத்து, “ஏப்பம் விட்டுச்சி, மச்சான்!” என்றார், தானே விட்டது மாதிரி. அப்புறம் படம் ஆடியது. கத்தல். படம் திரும்பி வந்தபோது சீமாட்டி முன்னங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு தடவை சறுக்கி, எழுந்து நின்றது. ஊசி மாத்தயாவின் வெள்ளைச் சாரம் முழங்கால் வரை பச்சை. அந்தச் சாணத்தைப் பார்த்த பிறகுதான் நான் மாடு கறக்கப் போனேன்.

7

இரண்டு நாள் கழித்து, சீமாட்டி புல்லுத் தின்கிறது, அசை போடுகிறது என்று உறுதியான பிறகு, திட்டுவதற்காகவே போன் எடுத்தேன். நிரோஷா மேசையில் ஓட்ஸ் பால் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரி சமையலில்.

“வெளங்குதுன்னு சொன்னியே. எதுக்கு வத்தக் கறந்த?”

“லயத்துக்குக் குடுக்கணும்ல.”

“லயத்துக்குக் குடுத்தது போக மடியில மிச்சம் நின்னிருக்கணும். அந்த மடிய எனக்குத் தெரியும். அதையும் எதுக்குப் பிழிஞ்ச?”

கொஞ்சம் முனகினாள். பிறகு சொன்னாள்.

“எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு வந்து பாத்தா, ஒங்க பங்கு எடுக்கல. அதுக்குத்தான் திரும்பப் போயி உக்காந்தேன்.”

“என் பங்கா? நான் இங்கல்ல இருக்கேன்?”

“இருந்தா என்ன? ஒவ்வொரு ஈத்துக்கும் எடுக்கிறதுதான். ஒங்க பழைய காம்பராவுல இப்ப வேற ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு எப்பவும் ரெண்டு கிளாஸ். ஒண்ணு அவங்களுக்கு. ஒண்ணு அண்ணன் பேருக்கு. அவங்களும் கேட்டு வாங்குவாங்க. ஒங்க வீட்ட விட்டுட்டு நான் எப்படி லயத்துக்குக் குடுத்தேன்னு சொல்றது?”

என் கொட்டகையில் சீம்பால் தொட்டி தொட்டியாக நிற்கிறது. கன்றுகளுக்கு ஊற்றி, மிஞ்சினதைக் கழுவி விடுகிறோம். இங்கே நான் ஒரு கிளாஸ் கூட அவித்துத் தின்றதில்லை. எங்கோ ஒரு காம்பராவில் யாரோ என் பெயருக்கு ஒவ்வொரு ஈற்றுக்கும் தின்றிருக்கிறார்கள். அந்தக் கடைசிக் கிளாஸுக்காகத்தான் சீமாட்டி விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். நிரோஷாவும் அப்படிச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் மடி எடுத்த கடைசிச் சுண்ணாம்பு அதில்தான் போயிருக்கிறது.

“எனக்கு ஒண்ணும் எடுக்க வேணாம்,” என்றேன்.

“சரிங்க அண்ணே.”

“இப்பவும் சரின்னுதான் சொல்ற. செய்யமாட்ட.”

“செய்யமாட்டேன்,” என்றாள். முதல் தடவையாக உண்மை பேசினாள்.

அதனால் பேசி முடிவு செய்தோம். அடுத்த ஈற்றுக்குச் சீமாட்டியின் பால் மூன்று நாளாகப் பிரியும். முதல் நாள் கோயிலுக்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும், கரண்டி அளவு. இரண்டாம் நாள் மேல் லயம். மூன்றாம் நாள் கீழ் லயம். யாராவது முகத்தைத் தூக்கினால், மரத்தை ஆறப் போடுகிறோம் என்று சொல்லச் சொன்னேன். பால் வெட்டுகிற ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாக்கியம் அதை மாரியம்மன் கோயில் தலைவரிடம் சொல்லி ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டாளாம். கீழ் லயத்தில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு.

“அப்போ ஒங்க பங்கு?” என்று கேட்டாள்.

“கடைசி. கீழ் லயத்துக்கும் குடுத்த பெறகு.”

“சரிங்க அண்ணே.”

நிரோஷா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சீம்பால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவித்தால் கருப்பட்டி வாசத்தோடு கட்டியாக, வெட்டி எடுக்கிற மாதிரி நிற்கும் என்றேன். முதல் நாள் பால்தான் அப்படி நிற்கும். என் பங்கு வருகிற மூன்றாம் நாள் பாலை எவ்வளவு அவித்தாலும் கட்டியாகாது, வெறும் பாலாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். பாக்கியத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.